கதிர்காமத்துக்கு ஓர் அஞ்சலோட்டம்

பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிலே, வெயிலையும் பொருட்படுத்தாது கூட்டத்தைக் கடைசிவரை இருத்தி வைப்பது அஞ்சலோட்டமேயாகும். தனியொருவன் ஓடி வெல்லும்போது நாம் கைதட்டுகிறோம். நால்வர் கோல் மாற்றி ஓடும்போதோ எம்மையறியாமலே எழுந்து நின்றுவிடுகிறோம். எத்துணை விரைவாக ஓடினும், கோலைக் கைமாற்றும் அந்த ஒரு கணத்திலே பிசகு நேர்ந்தால் நால்வரதும் உழைப்பு வீணாகிவிடும். எனவேதான் நல்ல பயிற்சியாசிரியர் ஓடுவதற்குப் பழக்குமளவு கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் பழக்குவார்.

அஞ்சலோட்டம் என்னும் பெயரும் பொருத்தமானதே. மோட்டார் வண்டிகள் வருமுன்னர், தபாற்பையைத் தோளிற் சுமந்து ஓடியவர் ஓர் எல்லையிற் காத்திருப்பவரிடம் அதனை ஒப்படைத்துத் திரும்புவார். ஆட்கள் மாறுவர், பை நில்லாது செல்லும். யப்பானியரும் இவ்வாறே கண்டனர். அங்கு 1917ஆம் ஆண்டிலே, பழைய தலைநகராகிய கியோத்தோவிலிருந்து தோக்கியோ வரை, ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தூரத்தை ஓட்டக்காரர் கைமாறிக் கைமாறி இரவும் பகலுமாக மூன்று நாளில் ஓடி முடித்தனர். 'எக்கிடென்' என அவ்வோட்டத்துக்கு இட்ட பெயர், அந்நாட்டுப் பழைய அஞ்சல் நிலையங்களின் வழக்கிலிருந்து பிறந்ததாகும். அவர்கள் கையிலே கோல் ஏந்துவதில்லை. தோளிலிருந்து குறுக்காக அணிந்த ஒரு துணிப்பட்டியைக் கழற்றி அடுத்தவர் கையிற் சேர்ப்பர்.

யப்பானுக்குச் செல்வானேன்? எமது மட்டக்களப்பு வாவிக்கரையிலே, இதனினும் பழைமையான ஓர் அஞ்சலோட்டம் ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது. அதுவே கதிர்காமப் பாதயாத்திரை.

யாத்திரையும் அதன் முறிவும்

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே தொடங்கும் பாதயாத்திரை, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் ஆகிய இடங்களைக் கடந்து, மட்டக்களப்பினூடாகத் தெற்கு நோக்கிச் செல்கின்றது. முழுத்தூரமும் நடப்போர் ஒன்றரை மாதத்துக்கு மேல் வீட்டை மறந்திருக்க வேண்டும். வழியிலுள்ள ஒவ்வோர் ஊரிலும் சிலர் சேர்ந்துகொள்வர், சிலர் திரும்புவர். வேல் மட்டும் முன்னே செல்லும்.

1983ஆம் ஆண்டின் பின்னர் போர் மூண்டு, இவ்வழி அடைபட்டது. 1988ஆம் ஆண்டிலே பற்றிக் ஹரிகன் என்னும் அமெரிக்க அடியாரும் அவருடன் சேர்ந்தோரும் இவ்வழக்கத்துக்கு மீண்டும் உயிரூட்டினர். ஆயினும் போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே அச்சமின்றிக் குடும்பத்துடன் நடக்கக்கூடிய காலம் வந்தது.

இந்த இடைக்காலத்திலே தத்தம் நேர்த்திக்கடனைச் செலுத்த வழியின்றி முதுமையடைந்தோர் பலர். எமது அன்னையார் அவர்களுள் ஒருவர். சிறுமியாக இருந்த காலத்திலே தம் தந்தையாருடன் கதிர்காமம் நடந்து சென்றவர் அவர். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே, ஊர்விட்டு ஊர் ஓடிய நாட்களில், பிள்ளைகள் மூவரும் உயிருடன் தப்பினால் வேல் ஏந்தி நடந்து வருவதாக நேர்ந்துகொண்டார். நாம் மூவரும் தப்பினோம். வழி திறந்தபோது அவருக்கு அறுபது வயது. பின்னர் நெஞ்சு நோய் வந்தது. 74ஆம் வயதில், நீண்ட நடை கூடவே கூடாது என வைத்தியர் கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

"வழி திறந்திட்டு, என்ட கால்தான் பூட்டிட்டு, மனே" என்று அவர் ஒருநாட் கூறியதைக் கேட்டே, நாம் இந்த ஏற்பாட்டைச் செய்தோம்.

ஒன்பது பேர், ஒரு வேல்

எமது தமக்கையாரும் அத்தானும், நாமும் எம் மனைவியும், கொழும்பிலே தொழில் பார்க்கும் தம்பி, பல்கலைக்கழகத்திற் பயிலும் மருமகன், பதினேழு வயது மகள், எம்முடன் கற்பிக்கும் கணித ஆசிரியர், அக்கரைப்பற்றைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் என ஒன்பது பேர் கூடினோம். மாமாங்கத்திலிருந்து கதிர்காமத்துக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். எல்லோருக்கும் ஒருங்கே விடுமுறை கிடைக்கவில்லை. ஆகவே வழியை நான்காகப் பிரித்துக்கொண்டோம்.

பங்கிட்டுச் செலுத்தும் நேர்த்தி நேர்த்தியாகுமா என்னும் ஐயம் உறவினர் சிலருக்கு இருந்தது. பேரப்பிள்ளைகளுக்குப் பெத்தாவாகிய எம் அன்னையாரோ, சற்று நேரம் சிந்தித்துவிட்டு மூன்று நிபந்தனைகளை விதித்தார். சாமியறையிலிருக்கும் சிறிய வெள்ளி வேல் எக்காரணம் கொண்டும் வாகனத்தில் ஏறலாகாது. நிலத்தில் வைக்கப்படலாகாது. கொடுப்பவரும் வாங்குபவரும் கைகால் கழுவி, அரோகரா சொல்லி, இரு கைகளாலும் மாற வேண்டும். "வேல் நடந்து போனால் நான் நடந்து போன மாதிரித்தான்" என்று முடித்துவிட்டார்.

வாவிக்கரை வழியே

2024ஆம் ஆண்டு ஆனி மாதத்து விடியற்காலை ஒன்றிலே, அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத் திருக்குளத்தில் நீராடிப் புறப்பட்டோம். அனுமன் தன் வாலினாலே தோண்டிய குளம் இதுவென்பது எம்மூரார் நம்பிக்கை. முதற்பங்கு தமக்கையாருடையது. வடக்கிலிருந்து வந்த யாத்திரிகர் குழுவொன்றுடன் எம்மவரும் சேர்ந்துகொண்டனர்.

வெளியூர் வாசகர்க்கு எமது வாவியைப் பற்றிச் சில சொற்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி கடலுக்குச் சமாந்தரமாகக் கிடக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தை எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலத்தைப் படுவான்கரை என்பர். சூரியன் எழுவதும் படுவதும் இங்கு ஊர்ப் பெயராகிவிட்டன. கல்லடியிலே 1924ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. நிலாக் காலத்து இரவுகளில் மீன் பாடுவதைக் கேட்க மக்கள் படகேறிச் செல்வது இப்பாலத்தடிக்கேயாம்.

பாலம் கடந்ததும் சுவாமி விபுலாநந்தரின் சமாதி அமைந்த இடம். 1892இல் அவர் பிறந்த காரைதீவு இதே வீதியிலேதான் தெற்கே இருக்கின்றது. எனவே இவ்வழியில் நடப்போர் அப்பெரியாரின் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு நடக்கின்றனர். அண்மையிலுள்ள திருச்செந்தூர் முருகன் ஆலயத்திலே, 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை மோதியதனாற் சாய்ந்த கோபுரத்தைக் காணலாம். அதன் முன்னே யாத்திரிகர் எவரும் பேசுவதில்லை. சற்று நின்று, கும்பிட்டுச் செல்கின்றனர்.

நடுவீதியிலே பேரீச்சை மரங்கள் நிற்கும் காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வோர் ஊர் எல்லையிலும் தாகசாந்திப் பந்தல். மோர், தேசிக்காய்த் தண்ணீர், சில இடங்களிற் கஞ்சி. ஓரூரார் எம்மை அடுத்த ஊர் எல்லை வரை கூட்டிச்சென்று, அங்குள்ளாரிடம் ஒப்படைத்துத் திரும்புவதைக் கண்டபோதுதான் உண்மை புலப்பட்டது. நாம் ஒன்பது பேர் புதிதாக வகுத்ததாக எண்ணிய அஞ்சலோட்டத்தை இவ்வூர்கள் பன்னெடுங்காலமாகச் செய்து வந்திருக்கின்றன.

'பாதை' என்றொரு படகு

களுவாஞ்சிக்குடியிலே தமக்கையாரிடமிருந்து வேலை வாங்கிக்கொண்டோம். அடுத்தது மண்டூர். 'சின்னக் கதிர்காமம்' எனப்படும் அம்முருகன் ஆலயம் படுவான்கரையில் இருக்கின்றது. கதிர்காமத்திற் போலவே அங்கும் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டே பூசை செய்வர். செல்வதாயின் குருமண்வெளித் துறையிலே வாவியைக் கடக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. வேல் வாகனத்தில் ஏறலாகாது என்பது நிபந்தனை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் கடத்தற் படகு வாகனமாகுமா, ஆகாதா? கணித ஆசிரியர் ஆகும் என்றார். எம் மனைவி ஆகாது என்றார். தொலைபேசியிலே அன்னையாரைக் கேட்டோம். சிரித்துவிட்டு, "அதுக்குப் பேரே பாதைதானே, மனே! பாதையில போகாம வேற எதில போறது?" என்றார். எம்மவர் அப்படகைப் 'பாதை' என்றே அழைப்பர் என்பதை வெளியூர் வாசகர் அறிந்துகொள்வாராக. படகிலிருந்த அனைவரும் சிரிக்க, வேல் வாவியைக் கடந்தது.

மண்டூரிலே வழிபாட்டை முடித்து, மீண்டும் எழுவான்கரைக்கு வந்து, கல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை என நடந்தோம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பாற் பெயர்பெற்றது. அந்நாளோ, கச்சான் காற்று வீசும் நண்பகலில், தார்வீதியே தீமிதிப்பாயிற்று. யாத்திரிகரின் நடைமுறை வெயிலுக்கு ஏற்ப அமைந்ததாகும். விடியுமுன் மூன்று நான்கு மணிக்கே எழுந்து நடப்பர்; வெயில் ஏறியதும் கோயில் மண்டபத்திலோ மரநிழலிலோ தங்குவர்; மாலையில் மீண்டும் நடப்பர்.

சாய்ந்தமருதிலே அக்கரைப்பற்று நண்பர் எமக்காகக் காத்து நின்றார். "வேலை நான் தொடமாட்டன், சேர். அது உங்கட நேத்தி. உங்கட பொதியைத் தாங்க" என்று, எமது இரு பொதிகளையும் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் அவர் முன்னே சென்று, அறிந்த கடைகளிலே வெறுந்தேநீரும் வாழைப்பழமும் ஆயத்தமாக வைத்திருந்தார். இவ்வீதியின் இருபுறத்து மக்களும் ஒருவரையொருவர் அஞ்சிய ஆண்டுகள் உண்டு. இரு சாராரும் இழந்தவை பல. அக்கரைப்பற்று எல்லையிலே பொதிகளை இறக்கிவைத்து, "திரும்பி வரக்குள்ளயும் சொல்லுங்க" என்று அவர் விடைபெற்றபோது, எமது ஓட்டத்திலே அவர் பங்கு எவர் பங்கினும் குறைந்ததன்று என உணர்ந்தோம்.

திருக்கோவிலில் ஒரு மாலை

கடற்கரையில் அமைந்த திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயமே அடுத்த கைமாற்றத்துக்குக் குறித்த இடம். கொழும்பிலிருந்து வரும் தம்பியும் மருமகனும் நண்பகலில் வந்துசேர வேண்டும். வேல் கைமாறுவதைக் காண அன்னையாரும் முச்சக்கர வண்டியில் வந்திருந்தார்.

நண்பகல் கடந்தது, மாலைப் பூசையும் முடிந்தது. தம்பி வந்த பஸ் வண்டி வழியிலே பழுதடைந்து நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. யாத்திரிகர் குழுவோ புறப்பட ஆயத்தமாயிற்று. குழுவைப் பிரிந்து பின்தங்கி நடப்பது முறையன்று. எம் மனைவியின் பாதங்கள் இரண்டும் கொப்புளித்திருந்தன. எமது முழங்காலும் வீங்கியிருந்தது. கணித ஆசிரியர் அன்று காலையிலேயே கடமைக்குத் திரும்பிவிட்டார். குழுவிலுள்ள ஒருவரிடம் வேலைக் கொடுத்துவிடலாமா என நாம் ஆலோசிக்கும் வேளையில், அன்னையார் கிணற்றடிக்குச் சென்று கைகால் கழுவிக்கொண்டு வந்து எம் முன்னே நின்றார்.

"தா மனே. விநாயகபுரம் மட்டும் நான் கொண்டு போறன்."

நாம் வைத்தியரின் சொல்லை நினைவூட்டினோம். "வைத்தியர் நெடுக நடக்கப்படாதெண்டுதான் சொன்னவர். இது கொஞ்சத் தூரம்தானே" என்றார். கைகளை நீட்டியபடியே நின்றார். கொடாதிருக்க எமக்கு மனம் வரவில்லை.

முப்பத்து நான்கு ஆண்டு காத்திருந்த கைகள் வேலைப் பற்றின. அரோகரா என்ற ஒலி கடலோசையை மீறி எழுந்தது. அவர் மெல்ல நடந்தார். ஐம்பது அடிக்கொருமுறை நின்றார். நாம் இருபுறமும் நடந்தோம். நீண்ட தூரம் நடந்து பழகிய யாத்திரிகர் அனைவரும், எவரும் கேளாமலே, தம் நடையைத் தளர்த்தி அவர் நடைக்கு அமைத்துக்கொண்டனர். முன்னே சென்ற இளைஞரும் நின்று காத்திருந்தனர். முச்சக்கர வண்டி வெறுமையாகப் பின்னே ஊர்ந்து வந்தது.

விநாயகபுரத்திலே, அக்கரைப்பற்றிலிருந்து விரைந்து வந்த தம்பி வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து கைநீட்டினான். அன்னையார் கொடுக்கவில்லை. "காலைக் கழுவிட்டு வா" என்றார். கழுவி வந்தபின் இரு கைகளாலும் கொடுத்தார். கொடுத்த பின்னரே, வீதியோரக் கல்லொன்றில் அமர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காட்டு வழி

கோமாரி, பொத்துவில், பாணமை ஆகிய ஊர்களைக் கடந்து, தம்பியும் மருமகனும் உகந்தமலைக்கு வேலைக் கொண்டு சேர்த்தனர். நாமும் மகளும், மீண்டும் விடுப்புப் பெற்று வந்த கணித ஆசிரியரும் அங்கே அவர்களைச் சந்தித்தோம். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்திறங்கிய இடம் உகந்தை என்பது ஐதிகம். கோயிலை அடுத்த பாறைகளில் இயற்கையான சுனைகள் பல உள. குமண, யால வனங்களினூடாகச் செல்லும் காட்டு வழி இங்கே தொடங்குகின்றது. திருவிழாக் காலத்திற் குறிப்பிட்ட சில நாட்களுக்கே வனசீவராசிகள் திணைக்களத்தார் இவ்வழியைத் திறந்துவிடுவர்.

வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்பன காட்டிலே தங்குமிடங்கள். கோடையில் வற்றிய ஆற்றை நடந்தே கடந்தோம். ஆனி மாதம் பாலைப்பழக் காலம். அப்பழத்திலே கரடிக்கும் பெருவிருப்பு உண்டு; ஆகவே பாலை மரத்தடியிற் பழம் பொறுக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நன்று. தனித்து நடத்தலும், இருள் விலகுமுன் முன்னே ஓடுதலும் ஆகா. தண்ணீரே பெருங்கவலை. பாதுகாப்புப் படையினரும் தொண்டர்களும் சில இடங்களில் தாங்கிகள் வைத்து உதவுகின்றனர். போர்க்காலத்திலே இதே காட்டில் அச்சத்தை விளைவித்த சீருடை, குவளையிலே தண்ணீர் வார்த்து நீட்டியதைக் கண்டபோது எம்முட் பல எண்ணங்கள் எழுந்தன.

காட்டில் எவர்க்கும் பெயரில்லை. ஆசிரியரும் சாமி, மாணவரும் சாமி, கூலித் தொழிலாளியும் சாமி. எம் மகளே எம்மை, "சாமி, தண்ணி இருக்கா?" என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள் மாணிக்க கங்கையிலே நீராடி, கதிர்காமத்து வீதியிலே மகள் வேலை ஏந்தி நடந்தாள். அவளே கடைசி ஓட்டக்காரி. சந்நிதியிலே வேலை வைத்து வணங்கியபின் அன்னையாருக்குத் தொலைபேசியிற் சொன்னோம். மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "நம்மட நேத்தி முடிஞ்சிட்டு" என்றார். இத்தனை ஆண்டும் "என்ட நேத்தி" என்றே அவர் சொல்லக் கேட்டிருந்தோம்.

செல்ல விரும்புவோர்க்கு

குடும்பத்துடன் இவ்வழியில் நடக்க விரும்பும் அன்பர்க்குச் சில குறிப்புகள். முழுவழியும் நடக்க இயலாதாயின் மனந்தளர வேண்டியதில்லை. எம்மைப் போலப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். முதியோர்க்கு ஊர்கள் நிறைந்த வாவிக்கரை வழியையும் இளையோர்க்குக் காட்டு வழியையும் ஒதுக்குங்கள். கைமாறும் இடங்களைக் கோயில்களாகவே அமைத்துக்கொள்ளுங்கள். வாங்க வேண்டியவர் முதல்நாளே வந்து தங்கிவிடுவது நன்று. பொதியின் பாரம் குறைவாகவே இருக்கட்டும். அவலும் சீனியும் கச்சானும் ஒரு பாயும் காட்டுக்குப் போதும். கொண்டு செல்லும் பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அது மிருகங்களின் வீடு.

நடக்கவே இயலாதோர்க்கும் ஒரு பங்குண்டு. யாத்திரிகர் செல்லும் நாட்களிலே வீட்டுப் படலையடியில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு குவளையும் வைத்துவிட்டு, வாசலில் அமர்ந்திருங்கள். எம் அன்னையார் அடுத்த ஆனிக்கு அவ்வாறே செய்யப்போவதாகக் கூறி, இப்பொழுதே புதுக்குடம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.